ஒரு சட்டி வெறுஞ்சோறு: நிவாரண முகாம்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

முகாம்களுக்குப் பொறுப்பேற்கும் அலுவலர்களுக்கும், அங்கே சமைக்கவும் பரிமாறவும் முன்வரும் தன்னார்வலர்களுக்கும்,

கடந்த ஆகஸ்ட் மாதம் நான் கொடுத்த மனுவுக்குச் சென்ற வாரம் பதில் வந்தது. தீ விபத்தைத் தவிர்க்கும் பொருட்டு முகாம் வளாகத்தில் தனிநபர்கள் சமைக்க அனுமதியில்லை என்றும், குழந்தைகளுக்கெனப் பால் பவுடர், ரொட்டி, பிஸ்கட் ஆகியவை போதுமான அளவு இருப்பு வைக்கப்பட்டுள்ளன என்றும், ஆகவே மனு முடித்து வைக்கப்படுகிறது என்றும் அதில் இருந்தது. பால், முட்டை, நிலக்கடலை ஆகிய மூன்றும் ஒவ்வாத என் மகனுக்கு அடுத்த வெள்ளத்தின்போது முகாமில் என்ன சாப்பாடு கொடுப்பீர்கள் என்பதே என் மனுவில் இருந்த கேள்வி. அதற்குப் பால் பவுடர் இருக்கிறது என்று பதில் எழுதியவர் மனுவை முழுதாகப் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன். படித்த பிறகுதான் எழுதினார் என்றால் அது இன்னும் வருத்தத்துக்குரியது. வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கும் நிலையில், முடித்து வைக்கப்பட்ட அந்த மனுவை எல்லோரும் படிக்கும்படி இங்கே மறுபடியும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ரயில் நின்றுபோனது. எங்கள் தெருவில் விடியற்காலை நான்கு மணிக்குத் தண்ணீர் வாசற்படியைத் தாண்டியது, ஆறு மணிக்கு அடுப்பு மேடையைத் தொட்டுவிட்டது. காஸ் சிலிண்டர் தன் குழாயை இழுத்துக்கொண்டு அடுக்களைக்குள் மிதப்பதைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் வீட்டை விட்டு இறங்கினோம். அப்போது நான்கு வயதான என் மகனைக் கணவர் தோளில் ஏற்றிக்கொண்டார். நான் இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் சுற்றிய மருந்துப் பையையும், கைக்கு அகப்பட்ட ஒரு படி அவலையும் எடுத்துக்கொண்டேன். அன்று முதல் பதினோரு நாட்கள் ஒரு பள்ளிக்கூட அறையில், ஏழு குடும்பங்களோடு இருந்தோம்.

உணவு ஒவ்வாமை என்றால் என்ன என்பதை முகாமில் நான் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது சொல்லியிருப்பேன். இங்கேயும் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். பால் குடித்தால் வயிறு உப்புவதும் கழிச்சல் போவதும் பால் செரிக்காமையால் வருவன. அவை தொந்தரவு தரும், உயிரை எடுக்காது. என் மகனுக்கு இருப்பது வேறு. பாலிலும் முட்டையிலும் நிலக்கடலையிலும் உள்ள புரதங்களை அவன் உடல் பகை என்று எடுத்துக்கொள்கிறது. அவை உள்ளே போன சில நிமிடங்களிலோ, அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள்ளோ, தோல் தடிக்கும், உதடு வீங்கும், வாந்தி வரும். முற்றினால் மூச்சுக்குழல் இறுகி, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். கொதிக்க வைப்பதால் அந்தப் புரதம் முற்றும் அழிந்துவிடுவதில்லை. தயிர்ச்சாதம் கிளறிய கரண்டியை அலம்பாமல் அடுத்த அண்டாவில் போட்டால் அந்த அண்டாவும் எங்களுக்கு ஆகாது. "ஒரு வாய் சாப்பிட்டுப் பார்க்கட்டும், பழகிப்போகும்" என்று அன்போடு சொன்னவர்கள் பலர். அந்த ஒரு வாய்க்குத்தான் நாங்கள் பயப்படுகிறோம்.

வீட்டில் இது எங்களுக்குப் பழகிய வாழ்க்கை. அவனுக்கெனத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, தேங்காய் எண்ணெயில் தாளிப்பு, கம்பும் கேழ்வரகும் வீட்டிலேயே கழுவிக் காயவைத்துத் திரித்த மாவு. மாவு மில்லில் திரிப்பதில்லை, ஏனென்றால் நமக்கு முன்னால் நின்றவர் அந்த இயந்திரத்தில் எதைப் போட்டார் என்பது தெரியாது. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு மருந்தைவிட முக்கியமானது அடுக்களை என்று எங்கள் மருத்துவர் சொல்வார். அந்த அடுக்களை வெள்ளத்தில் போன பிறகு, அவன் வாய்க்குள் என்ன போகிறது என்பது முன்பின் தெரியாத பலருடைய கைகளுக்குப் போய்விட்டது. இந்த மடலில் நான் பேசுவது அந்தக் கைகளைப் பற்றித்தான்.

முகாமுக்கு வந்த உணவைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. தண்ணீர் வடியாத ஊருக்குள் டிராக்டரிலும் படகிலும் சோறு கொண்டுவந்தவர்களை நான் பார்த்தேன். அவர்களில் பலருடைய வீடும் மூழ்கித்தான் கிடந்தது. ஆனால் எது வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். முதல் நாள் ரொட்டியும் பாலும் பிஸ்கட்டும் வந்தன. இரண்டாம் நாள் காலையில் நெய் ஊற்றிய ரவைக் கிச்சடியும், மதியம் தயிர்ச்சாதமும், இரவு கடலை போட்ட புளியோதரையும் வந்தன. பிறகு வந்த நாட்களில் எலுமிச்சைச் சாதம், தக்காளிச் சாதம், வெண்பொங்கல், அவித்த முட்டை, பன். கெட்டுப்போகாமல் நெடுநேரம் தாங்கும் சாப்பாடு என்றுதான் இவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் புளியோதரையிலும் எலுமிச்சைச் சாதத்திலும் கடலை, பொங்கலிலும் கிச்சடியிலும் நெய், ரொட்டியிலும் பன்னிலும் பால், மீதியில் முட்டை என்று பார்த்தால், பதினோரு நாட்களில் வந்த பொட்டலங்களில் என் மகனுக்கு நான் துணிந்து ஊட்டக்கூடியது வாழைப்பழம் மட்டுமே. ஹெலிகாப்டரிலிருந்து போட்ட பொட்டலங்கள் கிடைத்த ஊர்க்காரர்களிடம் பிறகு பேசியபோது, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கக்கூட அங்கே ஆள் கிடையாது என்றார்கள்.

கேட்டாலும் சரியான பதில் கிடைப்பது எளிதில்லை, அதற்கு நம் சொற்களே ஒரு காரணம். "இதில் கடலை இருக்கிறதா?" என்று நான் கேட்டால், பரிமாறுபவர் பொட்டுக்கடலையை நினைத்துக்கொண்டு ஆமாம் என்கிறார், கடலைப்பருப்பை நினைத்துக்கொண்டும் ஆமாம் என்கிறார், என் மகனுக்கு ஆகாத நிலக்கடலையைச் சென்னையிலிருந்து வந்த தன்னார்வலர் வேர்க்கடலை என்கிறார், விழுப்புரத்துப் பையன் மல்லாட்டை என்கிறான். சட்னி வெள்ளையாக இருக்கிறது. அது தேங்காயா, பொட்டுக்கடலையா, வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலையா என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. எண்ணெயும் அப்படித்தான். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் அந்தப் புரதம் தங்கியிருக்கும், எங்களுக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் என்றால் கவலையில்லை. எந்த எண்ணெயில் தாளித்தது என்று கேட்டால், சமைத்த இடம் வேறு, பரிமாறும் இடம் வேறு என்பதால் ஒருவருக்கும் தெரிவதில்லை.

இதோடு கடலைமிட்டாய் வேறு. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இந்த மாவட்டத்துப் பெண்ணாக நானும் பெருமைப்பட்டேன். எளிதில் கெடாது, பசி அடக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பதால் முகாமுக்கு அது பெட்டி பெட்டியாக வந்தது. ஒரு அறையில் பதினான்கு பிள்ளைகள், எல்லார் கையிலும் கடலைமிட்டாய், அந்தக் கையோடு ஒரே பாயில் விளையாட்டு. என் மகன் கை நீட்டிக் கேட்டான், அடுத்த வீட்டுப் பிள்ளை பாதியைக் கடித்து மீதியை அவனுக்கு நீட்டியது. பகிர்ந்து தின்னச் சொல்லித்தான் நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். நான் பாய்ந்துபோய் அதைத் தட்டிவிட்டதில் இரண்டு பிள்ளைகளும் அழுதார்கள், அந்தத் தாய் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. அதன்பிறகு பகல் முழுவதும் அவனை வெளித் திண்ணையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் மதியம் எலுமிச்சைச் சாதம் வந்தது. கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி பரிமாறிக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு வேளையும் வெறும் கையோடு திரும்புவதைக் கவனித்து வைத்திருந்தார் போலும். அன்று எல்லோருக்கும் பரிமாறி முடித்த பிறகு, ஒரு இலையில் கொஞ்சம் சாதத்தை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, கடலைகளை ஒவ்வொன்றாக விரலால் பொறுக்கி இலையின் ஓரத்தில் சேர்த்தார். அரை மணி நேரம் ஆகியிருக்கும். தான் இன்னும் சாப்பிடாமல் அதைச் செய்துகொண்டிருந்தார். "ஒரு கடலகூட இல்லக்கா, எல்லாத்தையும் எடுத்துட்டேன், பிள்ளைக்குக் குடுங்க" என்று இலையை நீட்டினார். அந்த இலையை நான் வேண்டாம் என்றேன். கடலை பட்ட சோறு அது, எண்ணெயிலும் அதன் சத்து இறங்கியிருக்கும் என்று விளக்கினேன். அவர் முகம் வாடிவிட்டது. அதற்குள் என் மாமியார், பிள்ளை இரண்டு நாளாக ஊறவைத்த அவலையும் பழத்தையும் தவிர ஒன்றும் சாப்பிடவில்லையே என்ற ஏக்கத்தில், நான் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் இரண்டு உருண்டை ஊட்டிவிட்டார்.

யார்மீதும் எனக்குக் கோபமில்லை. அந்தத் தம்பியும் என் மாமியாரும் செய்தது அன்பினால் செய்தது. ஆனால் நான் குடத்தோடு திரும்பியபோது பிள்ளை வாயைச் சுற்றித் தேய்த்துக்கொண்டிருந்தான். கழுத்தில் கொசு கடித்தாற்போல் தடிப்புகள். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன், வயிறு முழுக்கச் சிவந்து ஒன்றோடொன்று சேர்ந்திருந்தது. பிறகு இருமல் தொடங்கியது. சளி இருமல்போல அது இல்லை; நாய் குரைப்பதுபோல் வறண்ட இருமல், இடையில் வாந்தி, குரல் கம்மிப்போய் "அம்மா" என்பது காற்றாக மட்டும் வந்தது. முகாமின் மருத்துவப் பெட்டியில் காய்ச்சல் மாத்திரையும் உப்புக் கரைசல் பொட்டலமும் அவில் என்னும் அரிப்புக்கான ஊசியும் இருந்தன, அட்ரினலின் இல்லை. அவில் அரிப்பைக் குறைக்கும், இறுகும் மூச்சுக்குழலைத் திறக்காது. இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் போட வேண்டியது தொடைத் தசையில் அட்ரினலின். அயல்நாடுகளில் பெற்றோர் தாமே போடும் தானியங்கி ஊசி கடைகளில் கிடைக்கிறது, நம் ஊரில் அது எளிதில் கிடைப்பதில்லை. ஆகவே எங்கள் மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி ஒரு மில்லி அட்ரினலின் அடைத்த சிறு கண்ணாடிக் குப்பியான ஆம்பூலையும் சிறிய சிரிஞ்சையும் நான் எப்போதும் பையில் வைத்திருப்பேன். பதினைந்து கிலோ எடையுள்ள அவனுக்கு அளவு 0.15 மில்லி என்று அட்டையில் எழுதிப் பையோடு ஒட்டியிருக்கிறேன். கை நடுங்கியதில் என்னால் ஆம்பூலை உடைக்க முடியவில்லை. அறையில் இருந்த, ஓய்வுபெற்ற கிராமச் செவிலியர் ஒருவர் அட்டையைப் படித்துப் பார்த்து, சேலை நுனியால் ஆம்பூலைப் பிடித்து உடைத்து, மருந்தை ஏற்றிப் போட்டார். ஐந்து நிமிடத்தில் குரல் திரும்பியது. அடங்கிய பிறகும் சில மணி நேரம் கழித்து மறுபடி வரக்கூடும் என்பதால், டிராக்டரில் ஏற்றி இடுப்பளவு தண்ணீரைத் தாண்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ஓர் இரவு வைத்திருந்தோம்.

அந்த அம்மா எங்கள் அறையில் இருந்தது தற்செயல். என் மகனின் உயிர் தற்செயலை நம்பி இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் ஆகஸ்டில் அந்த மனுவை எழுதினேன்.

நான்காம் நாள் திரும்பி வந்தபோது வேறொன்று நடந்தது. இதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தின் பின்புறம் கொட்டகை போட்டு, கல்யாண வீடுகளுக்குச் சமைக்கும் ஒரு தவசிப்பிள்ளை தன் ஆட்களோடு வந்து சமைக்கத் தொடங்கியிருந்தார். அவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னிடம் இரண்டே கேள்விகள் கேட்டார்: என்னென்ன ஆகாது, எத்தனை மணிக்குப் பிள்ளை சாப்பிடுவான். பிறகு, சோறு வடித்ததும் வேறெதுவும் கலப்பதற்கு முன் ஒரு சட்டி எடுத்து மூடி வைத்தார். சாம்பாருக்கு வெந்த பருப்பைத் தாளிப்பதற்கு முன் ஒரு தூக்குச்சட்டியில் எடுத்தார். அவற்றுக்கென்று ஒரு புதுக் கரண்டியை வைத்து அதன் காம்பில் சிவப்பு நூல் கட்டினார். "இந்த நூல் கட்டுன கரண்டிய வேற எதுலயும் போட்டீங்கன்னா தொலைச்சுப்புடுவேன்" என்று தன் ஆட்களிடம் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். மீதி ஏழு நாட்களும் என் மகன் சுடுசோறும் உப்புப் போட்ட பருப்பும் சாப்பிட்டான். பல் போன ஒரு பாட்டியும், காரம் தின்ன முடியாத ஒன்றரை வயதுப் பிள்ளையும் அந்தச் சட்டியிலேயே சாப்பிட்டார்கள். அவருக்கு இதனால் கூடுதலாக ஒரு ரூபாய் செலவானதாகவோ பத்து நிமிடம் தாமதமானதாகவோ நான் பார்க்கவில்லை.

தனி அடுக்களை, தனி உணவு, தனிச் சலுகை என்று என் கோரிக்கையைப் பெரிதாக நினைத்து அஞ்ச வேண்டாம். அந்தத் தவசிப்பிள்ளை தாமாகவே செய்ததை விதியாக எழுதி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். அவர் அடுத்த முறை வருவாரா என்பது எனக்குத் தெரியாது. விதி இருந்தால் யார் வந்தாலும் செய்வார்கள்.

விதி எழுதச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன் 12ஆம் பிரிவு, நிவாரண முகாம்களில் தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவ வசதி, சுகாதாரம் ஆகியவற்றுக்குக் குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும்படி தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குச் சொல்கிறது. அதன்படி வகுக்கப்பட்ட தேசிய நெறிமுறைகளை நான் படித்தேன். ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் இடம், பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2,400 கலோரி உணவு என்று அளவுகள் சொல்லி, பொட்டலங்களின் காலாவதித் தேதியையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தைகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் பாலும் பால் பொருட்களும் வழங்க வேண்டும் என்றும் இருக்கிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது நல்ல ஏற்பாடு, அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பொருளை அந்த நெறிமுறை குழந்தைக்கு நல்லது என்று கட்டாயமாக்குகிறதோ, அதே பொருள் என் குழந்தைக்கு ஆபத்து. ஒவ்வாமை உள்ளவர்களுக்கு என்ன செய்வது என்று ஒரு வரியை நான் அதில் தேடியும் காணவில்லை. அந்த ஒரு வரியைச் சேர்ப்பதைத்தான் மாவட்ட அளவிலாவது நீங்கள் தொடங்க வேண்டும்.

அடைத்து விற்கும் பொருட்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2020-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு லேபிள் விதிமுறைகளின்படி பால், முட்டை, நிலக்கடலை, கோதுமை, சோயா, மீன் போன்றவை உள்ள பொட்டலங்களில் அதைத் தனியாக எழுத வேண்டும். எழுதியும் இருக்கிறார்கள், ஆங்கிலத்தில். ஆங்கிலமோ இந்தியோ இருந்தால் போதும் என்பதே சட்டம், தமிழ் கட்டாயமில்லை. என் மாமியாருக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும். அந்தப் பிஸ்கட் பொட்டலத்தின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்க அவரால் முடியாது. மின்சாரம் இல்லாத இரவில், அணையப்போகும் கைபேசி வெளிச்சத்தில் நானே எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். பேக்கரியிலிருந்து அப்படியே வந்த பன்னில் படிப்பதற்கு ஒன்றுமே இல்லை.

உங்கள் பதிலில் சொல்லியிருக்கும் தீ விபத்துக் காரணத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஓலைப்பாயும் துணியும் நிறைந்த அறைக்குள் ஏழு குடும்பங்கள் ஏழு அடுப்பு மூட்டினால் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியும். நான் மனுவில் கேட்டது அறைக்குள் அடுப்பு இல்லை. முகாமுக்கென்று ஏற்கெனவே எரியும் பொது அடுப்பில், சமையல்காரர்களின் கண் முன்னால், வேலை ஓய்ந்த நேரத்தில் அரை மணி நேரம் ஒரு கஞ்சி காய்ச்சிக்கொள்ள இடம் கேட்டேன். அடுப்பே கூடாது என்று விதி இருக்குமானால், அடுப்பில்லாமல் உண்ணக்கூடியதையாவது தாருங்கள். முதல் மூன்று நாள் என் மகனைக் காப்பாற்றியது நான் கொண்டுபோன அவல்தான். காய்ச்சி ஆறிய தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கருப்பட்டியைச் சீவிப் போட்டால் ஒரு வேளை ஓடிவிடும். தேங்காய்ச் சில்லும் பழமும் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அவலும் பழமும் மட்டும் தின்று வளரும் பிள்ளை பதினோரு நாள் இருக்க முடியாது. பாலும் முட்டையும் கடலையும் விலக்கிய பிள்ளைக்குப் புரதம் பருப்பிலிருந்துதான் வர வேண்டும், பருப்பு வேக நெருப்பு வேண்டும். முகாமிலிருந்து வீடு திரும்பியபோது அவன் எடை முக்கால் கிலோ குறைந்திருந்தது.

இனி என் கோரிக்கைகளை வெளிப்படையாகச் சொல்கிறேன்.

முகாமுக்குள் வரும் குடும்பங்களின் பெயரையும் ஆதார் எண்ணையும் எழுதும் பதிவேட்டில், "எந்த உணவாவது ஒவ்வாதா?" என்று ஒரு பத்தியைச் சேருங்கள். அதை வாய்விட்டுக் கேட்டு எழுதுங்கள், எழுதியதன் நகலைச் சமையல் நடக்கும் இடத்துக்கு அன்றே அனுப்புங்கள். கேட்காமல் தாமாகச் சொல்வதற்குப் பல தாய்மார் கூச்சப்படுவார்கள். ஊரே தவிக்கும்போது உன் பிள்ளைக்கு மட்டும் தனியா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம் எனக்கும் இருந்தது.

முகாமிலோ அதற்கென்ற பொதுச் சமையல் கூடத்திலோ ஒவ்வொரு வேளையும் கலப்பதற்கு முன் வெறுஞ்சோறும், தாளிப்பதற்கு முன் வேகவைத்த பருப்பும் மூடிய தனிப் பாத்திரங்களில் எடுத்து வைக்கப்பட வேண்டும், அவற்றுக்குத் தனிக் கரண்டி வேண்டும் என்று எழுத்துப்பூர்வமாக உத்தரவிடுங்கள். சமையல் ஒப்பந்தம் கொடுக்கும்போதே அதை நிபந்தனையாகச் சேர்க்கலாம். கலவைச் சாதங்களில் நிலக்கடலையைத் தவிர்த்துவிட்டால் இன்னும் எளிது. வறுத்த பொட்டுக்கடலையோ கடலைப்பருப்போ போட்டாலும் எலுமிச்சைச் சாதம் எலுமிச்சைச் சாதமாகத்தான் இருக்கும்.

பரிமாறும் இடத்தில் ஒரு கரும்பலகை வையுங்கள், பள்ளிக்கூடங்களில் அதற்குப் பஞ்சமில்லை. அன்றைய சாப்பாட்டில் பால், தயிர், நெய், முட்டை, நிலக்கடலை, முந்திரி, கோதுமை, மீன் இவற்றில் எது இருக்கிறது, எந்த எண்ணெயில் செய்தது என்று தமிழில் எழுதச் சொல்லுங்கள். நிலக்கடலையை எழுதும்போது வேர்க்கடலை, மல்லாட்டை என்ற பெயர்களையும் பக்கத்தில் எழுதுங்கள். வெளியிலிருந்து உணவு கொண்டுவரும் தன்னார்வலர்களே, ஒவ்வொரு பெட்டியின்மேலும் ஒரு தாளில் இதையே எழுதி ஒட்டிவிடுங்கள் என்று உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். தெரியாவிட்டால் "தெரியாது" என்று எழுதுங்கள். "ஒன்றும் இருக்காது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கடலையைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுக்காதீர்கள்.

பொது அடுப்பில் மேற்பார்வையோடு ஒரு நாளைக்கு இரு வேளை, பதிவேட்டில் பெயர் உள்ள குடும்பங்கள் தம் குழந்தைக்குச் சமைத்துக்கொள்ள நேரம் ஒதுக்குங்கள். அதுவரை தாங்குவதற்கு அவல், கருப்பட்டி, வாழைப்பழம், காய்ச்சிய தண்ணீர் ஆகியவற்றை இருப்புப் பட்டியலில் பால் பவுடருக்குப் பக்கத்தில் சேருங்கள். பால் ஒவ்வாத கைக்குழந்தைகளுக்கு மருத்துவர் எழுதித்தரும் தனி வகை மாவு தேவைப்படும். அது எங்கே கிடைக்கும், யார் கொண்டுவந்து சேர்ப்பார் என்பதை மழைக்கு முன்பே சுகாதார அலுவலர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு முகாமின் மருத்துவப் பெட்டியிலும் அட்ரினலின் ஆம்பூலும் சிறு அளவுக் கோடுகள் உள்ள சிரிஞ்சும், எடைக்கேற்ற அளவு தமிழில் எழுதிய அட்டையும் இருக்க வேண்டும். அதைப் போடத் தெரிந்த செவிலியரின் பெயரும் அவர் இருக்கும் இடமும் பெட்டியின்மேல் எழுதப்பட்டிருக்க வேண்டும். பாம்புக்கடிக்கு எங்கே போவது என்று முகாமில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தீர்கள். இதையும் அப்படியே சொல்லிவையுங்கள்.

கடைசியாக, முடித்து வைத்த என் மனுவைத் திறந்து, மேலே கேட்டவற்றில் எவற்றைச் செய்வீர்கள், எவற்றைச் செய்ய இயலாது, இயலாது என்றால் என்ன காரணம் என்பதை அக்டோபர் பதினைந்தாம் தேதிக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பதிவேட்டுக்கான மாதிரிப் படிவத்தையும் கரும்பலகையில் எழுத வேண்டிய பட்டியலையும் நானே தமிழில் தயார் செய்து வைத்திருக்கிறேன். முகாம் பொறுப்பாளர்களுக்கும் சமையல்காரர்களுக்கும் நீங்கள் நடத்தும் மழைக்கால ஆயத்தக் கூட்டத்தில் பதினைந்து நிமிடம் கொடுத்தால், சிவப்பு நூல் கட்டிய அந்தக் கரண்டியோடு வந்து விளக்கிச் சொல்லத் தயாராக இருக்கிறேன். ஊருக்குக் கிளம்பும்போது தவசிப்பிள்ளை அதை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு தாய்